அடுத்த வயலுக்குப் போ

உங்கள் குழுவில் மூன்று நாளாக நடந்த சண்டையை ஒரு வரி விடாமல் படித்தேன். புதிதாக வந்த ஒருவர் தம் ப்ரோகிராமில் ‘கோ டூ’ கட்டளை போட்டுவிட்டார். அதைக் கண்டுபிடித்த இன்னொருவர், பூஜை அறைக்குள் செருப்போடு நுழைந்தவரைத் திட்டுவது போலத் திட்டியிருக்கிறார். வேலை நடக்கிறதா இல்லையா என்று இவர் கேட்க, லூப் எழுதத் தெரியாதவர்தான் அதைப் போடுவார் என்று அவர் சொல்ல, கடைசியில் ரிட்டயர் ஆனவரைக் கேட்போம் என்று என்னை இழுத்துவிட்டீர்கள். தீர்ப்புச் சொல்ல நான் நாட்டாமை இல்லை. ஆனால் ஒரே ஒரு ‘கோ டூ’ எழுதி, ஒரு பெண்ணை அவள் உழுத வயலில் இறங்கவிடாமல் செய்தவன் நான். அதைச் சொல்கிறேன். தீர்ப்பை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்.

இந்தத் தொழிலுக்கு நேற்று வந்தவர்களுக்காக இரண்டு வார்த்தை. ப்ரோகிராம் என்பது மேலிருந்து கீழே வரிசையாக நடக்கும் கட்டளைகள். நடுவில் ‘கோ டூ’ என்று எழுதினால், இருக்கிற இடத்தை விட்டுவிட்டு நான் சொல்லும் வரிக்குப் போ என்று பொருள். லூப் அப்படி இல்லை. இந்த வேலையை இவர் தொடங்கி இவர் வரைக்கும், ஒவ்வொருவருக்காக, எல்லாரும் தீரும்வரை செய் என்பது லூப். எங்கள் காலத்து ப்ரோகிராம்களில் இரண்டும் கலந்து கிடக்கும். அவசரத்துக்கு ‘கோ டூ’தான் கைக்கு முதலில் வரும்.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது தஞ்சாவூரில் கம்ப்யூட்டரைப் பார்த்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஓர் அரசு அலுவலகத்தின் மாடியில், ஏசி அறைக்குள் அது இருந்தது. செருப்பை வாசலில் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். ஆட்சி மாறினால் வெளிச்சுவரில் மாட்டியிருக்கும் படம் மாறும். உள்ளே நாங்கள் பாட்டுக்கு வேலை பார்த்துக்கொண்டிருப்போம். அரசியல் வெளியே, கணினி உள்ளே என்று நான் உண்மையாகவே நம்பிக்கொண்டிருந்தேன். எவ்வளவு முட்டாள்தனம் என்று இப்போது தோன்றுகிறது.

வெளியே நிலம் யாருக்கு என்ற சண்டை ஓயவில்லை. கூலி கேட்டதற்காகக் குடிசைகள் எரிந்ததைக் கண்ணால் பார்த்தவர்கள் எல்லாரும் உயிரோடு இருந்த காலம் அது. சட்டங்கள் வந்திருந்தன. குத்தகைக்குச் சாகுபடி செய்பவரை நினைத்த நேரத்தில் வயலை விட்டு வெளியேற்ற முடியாது என்று ஆகியிருந்தது. ஆனால் சாகுபடி செய்பவர் இவர்தான் என்று காட்ட ஒரு பதிவேடு வேண்டும். அதில் பெயர் இருந்தால் உரிமை உண்டு. இல்லாவிட்டால் நீ யாரோ, நான் யாரோ. அந்தப் பதிவேட்டைப் புதுப்பித்து, கம்ப்யூட்டரில் ஏற்றி, கிராமம் கிராமமாகப் பட்டியல் அச்சடித்துத் தரும் வேலை எங்கள் பிரிவுக்கு வந்தது. ப்ரோகிராம் எழுதும் பொறுப்பு என்னுடையது.

நான் பாபநாசம் பக்கத்து மிராசுதார் வீட்டுப் பிள்ளை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அன்று அலுவலகத்தில் எல்லாருக்கும் இது தெரியும். எங்கள் நிலம் முழுவதும் குத்தகையில்தான் இருந்தது. அப்பா வரப்பில் நடப்பாரே தவிர வயலில் இறங்கிப் பார்த்ததில்லை. நான் வரப்பில்கூட நடந்ததில்லை.

குறுவை நடவு தொடங்குவதற்குள் பட்டியல்களை ஊர்ச் சாவடிகளில் ஒட்டியாக வேண்டும் என்று கெடு. அச்சுக்குப் போக வேண்டிய அன்று காலையில் மேலிடத்திலிருந்து புதிதாக ஓர் உத்தரவு வந்தது. எந்தக் குத்தகைதாரர் மீது நிலவழக்கு நடக்கிறதோ அவர் பெயரை இப்போது அச்சடிக்க வேண்டாம், வழக்கு முடிந்ததும் தனியாகப் பார்த்துக்கொள்ளலாம் என்று. எங்கள் பிரிவுத் தலைவர் அந்தத் தாளோடு என் மேஜைக்கு வந்தார். நேர்மையான மனிதர், ஆனால் கெடு என்றால் பதறிவிடுவார். எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டார். ஐந்து நிமிஷம் என்றேன். நான் சொன்னதை விட ஒரு நிமிஷம் குறைவாகவே ஆனது. வழக்கு நிலுவையில் இருந்தால் அடுத்த வயலுக்குப் போ என்று ஒரு வரி எழுதினேன். வரி சேர்த்த பிறகு எங்கள் ஊர்ப் பட்டியலை ஓட்டிப் பார்த்தேன். எனக்கு மனப்பாடமான ஊர் அதுதான் என்பதால் சரிபார்ப்பது சுலபம். ஒரு பெயர்கூடப் பிசகாமல் வந்தது. சோதித்துவிட்டேன் என்று சொல்லி அச்சு இயந்திரத்தை ஓடவிட்டேன்.

பட்டியல்கள் தாலுகா அலுவலகங்களுக்குப் போயின. அன்று எங்கள் மிஷினுக்குத் தமிழ் தெரியாது. ஆங்கில எழுத்தில் அடித்த பெயர்களைத் தாலுகாவில் ஒரு குமாஸ்தா தமிழில் எழுதி, கர்ணம் பதவி போய்ப் புதிதாக வந்திருந்த கிராம நிர்வாக அலுவலரிடம் கொடுப்பார். அவர் கொண்டுபோய் ஒட்டுவார். இத்தனை கை மாறியும் ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. கம்ப்யூட்டரில் வந்தது என்று சொன்னால் அதற்கு மேல் பேச்சே கிடையாது.

இரண்டு வாரம் கழித்து ஒரு பெண் எங்கள் மாடிப்படி ஏறி வந்து நின்றாள். பெயர் பாக்கியம். நீடாமங்கலத்துக்குத் தெற்கே ஒரு கிராமம். நாற்பது வயதுக்குள்தான் இருக்கும். கையில் ஒரு மஞ்சள் பை, அதற்குள்ளிருந்து ஈரம் சொட்டிக்கொண்டிருந்தது. தாலுகா ஆபீசில் கேட்டதற்கு, எல்லாம் தஞ்சாவூர்க் கம்ப்யூட்டர் செய்தது, நாங்கள் ஒன்றும் மாற்ற முடியாது என்று சொல்லி அனுப்பிவிட்டார்களாம். அதனால் அந்தக் கம்ப்யூட்டரையே நேரில் பார்த்துக் கேட்டுவிடலாம் என்று வந்திருக்கிறாள்.

அவள் சொன்னதன் சாரம் இதுதான். அவள் புருஷனும் அவர் அண்ணன் கோவிந்தனும் ஒரே வயலை ஆளுக்குப் பாதியாகக் குத்தகைக்குச் செய்தவர்கள். புருஷன் இறந்துபோனார். பாதி வயலை இவளே உழுது நடுகிறாள். விவசாயத் தொழிலாளர் சங்கம் வலுவாக இருந்த ஊர் என்பதால், சங்கத்து ஆட்கள் முன்னின்று கோவிந்தன் பெயருக்குக் கீழே இவள் பெயரையும் தனியாகப் பதிவு செய்துவிட்டார்கள். கோவிந்தன் சங்கத்தில் வாய்விட்டுப் பேசுபவர். மிராசுதார் அவர் மீது ஒரு வழக்குப் போட்டிருந்தார். இவள் மீது வழக்கு எதுவும் இல்லை. ஆனால் சாவடியில் ஒட்டிய பட்டியலில் இவள் பெயரையும் காணோம். அதைக் காட்டி மிராசுதாரின் காரியக்காரர் வயலில் ஆள் நிறுத்திவிட்டார். போலீசுக்குப் போனால், லிஸ்டில் பெயர் இருந்தால் நடு, இல்லாவிட்டால் வயலில் கால் வைக்காதே என்கிறார்கள். பட்டியலுக்கு ஆட்சேபணை மனு போடலாம். விசாரணைக்கு ஒரு மாதம் ஆகும்.

சொல்லிவிட்டுப் பையிலிருந்து ஒரு பிடி நாற்றை எடுத்து என் மேஜை மேல் வைத்தாள். வேரில் சேறு அப்படியே இருந்தது.

“இதப் பாருங்க சார். பறிச்சு நட வேண்டிய நாளு வந்துட்டுது. இன்னும் ஒரு வாரம் தாங்கும். அப்புறம் முத்திப்போயி கணு வுட்டுரும். கணு வுட்ட நாத்த நட்டு என்ன பிரயோசனம்?”

நான் என்ன சொன்னேன் தெரியுமா? கம்ப்யூட்டர் தப்புப் பண்ணாதும்மா, நீங்க குடுத்த விவரத்துலயே உங்க பேரு இருந்திருக்காது என்றேன். மரியாதையாகத்தான் சொன்னேன். சேறு பட்ட தாளைத் துடைத்துக்கொண்டே சொன்னேன்.

பக்கத்து மேஜையில் எங்கள் பதிவு ஆபரேட்டர் இருந்தார். படிவங்களைப் பார்த்து விவரங்களைக் கம்ப்யூட்டரில் அடிக்கும் பெண், என்னைவிட ஐந்தாறு வயது சின்னவர், வேலைக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. விவசாயக் கூலிக் குடும்பத்திலிருந்து டைப்ரைட்டிங் பாஸ் செய்து வந்தவர். அதிகம் பேச மாட்டார். அன்று எழுந்து நின்று பேசினார்.

“சார், இவங்க பேர நான் அடிச்சிருக்கேன். படிவத்துல தகப்பனார் பேருக்குத்தான் கட்டம் இருந்துச்சு. இறந்துபோன கணவர் பேர எங்க போடறதுன்னு உங்ககிட்ட வந்து கேட்டேன். ஏதாவது ஒண்ணப் போட்டுட்டுப் போங்கன்னு சொன்னீங்க.”

எனக்கு நினைவில்லை. அவருக்கு நினைவிருந்தது. பதிவை எடுத்துப் பார்த்தோம். கோவிந்தனுக்கு அடுத்த வரியில் பாக்கியம் என்று இருந்தது. பெயர் உள்ளே போயிருக்கிறது. வெளியே வரவில்லை. நடுவில் இருப்பது என் ப்ரோகிராம் ஒன்றுதான்.

அதன் பிரதியை அச்சடித்து, மடிப்பு மடிப்பாக வந்த தாளை ஏசி அறைத் தரையில் நீளமாக விரித்தோம். ஆபரேட்டர் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டார். நான் முழங்காலிட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு ‘கோ டூ’வும் எங்கே போகிறது என்று பென்சிலால் கோடு இழுத்தேன். மேலே போனது, கீழே போனது, ஒன்றை ஒன்று வெட்டிக்கொண்டது. நான் எழுதிய ப்ரோகிராம் எனக்கே பிடிபடவில்லை. பாக்கியம் அந்த அறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். செருப்பில்லாத அவள் காலைக்கூட உள்ளே வைக்க ஒருவரும் சொல்லவில்லை.

கடைசியில் அந்த வரிக்கு வந்தேன். வழக்கு நிலுவையில் இருந்தால் அடுத்த வயலுக்குப் போ. கோவிந்தன் மீது வழக்கு இருக்கிறது. ப்ரோகிராம் அடுத்த வயலுக்குப் போய்விட்டது. இந்த வயலில் கோவிந்தனுக்குக் கீழே இன்னொருவர் காத்திருக்கிறார் என்று அதற்குத் தெரியாது. அடுத்த குத்தகைதாரருக்குப் போ என்று நான் எழுதியிருக்க வேண்டும். ஏன் எழுதவில்லை? அவசரம் என்று சொல்லலாம். பல வருடம் அப்படித்தான் சொல்லிக்கொண்டேன். அது பொய். ஒரு வயலுக்கு ஒரு குத்தகைக்காரர்தான் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டில் அப்படித்தான் பேசுவார்கள். வாய்க்காலோரத்து வயல் என்றால் சாமிக்கண்ணு, கோவில் பக்கத்து வயல் என்றால் இன்னொரு பெயர். சாமிக்கண்ணுவோடு சேர்ந்து அந்த வயலில் வேறு யார் குனிந்து நிமிர்கிறார்கள் என்பது எங்கள் பேச்சில் வராது. எங்கள் ஊர்ப் பதிவிலும் ஒரு வயலுக்கு மூத்தவர் ஒருவர் பெயரை மட்டும்தான் அப்பா ஏற விட்டிருந்தார். அந்த ஊரை வைத்துச் சோதித்தால் தப்பு எப்படித் தெரியும்?

லூப் எழுதியிருந்தால் தப்பித்திருப்பேனா? ஒருவேளை. இந்த வயலில் உள்ள கடைசிக் குத்தகைதாரர் வரைக்கும் என்று என் கையாலேயே எழுத வேண்டி வந்திருக்கும். அப்படி எழுதும்போது, கடைசி என்று ஒருவர் இருந்தால் நடுவில் ஆட்கள் இருக்கிறார்கள் என்று மண்டையில் உறைத்திருக்கலாம். ‘கோ டூ’ அந்தக் கேள்வியையே என்னிடம் கேட்கவில்லை.

இதே போல வேறு யார் யார் விடுபட்டார்கள் என்று தேடி அச்சடிக்கச் சொன்னேன். அச்சு இயந்திரம் நிற்கும் என்று பார்த்தால் நிற்கவில்லை. பக்கம் பக்கமாகத் தாள் வந்து விழுந்துகொண்டே இருந்தது. ஊர் ஊராக, சங்கம் இருந்த இடங்களில்தான் அதிகம். மிராசுதார்கள் வழக்குப் போட்டது முன்னால் நின்று பேசியவர்கள் மீது. அவர்கள் பெயர்தான் பதிவிலும் முதலில் இருந்தது. அவர்களுக்குப் பின்னால் இருந்த தம்பிகளையும் விதவைகளையும் என் ஒரு வரி துடைத்துவிட்டிருந்தது.

பிரிவுத் தலைவரிடம் போய்ச் சொன்னேன். அவர் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். பிறகு இரண்டு வழி சொன்னார். விடுபட்டவர்களுக்கு ஒரு துணைப் பட்டியல் தயாரித்து, ஆட்சேபணைக் காலம் முடிந்த பிறகு சத்தமில்லாமல் அனுப்பலாம். பெயர்கள் ஏறிவிடும், யாரும் யாரையும் கேட்க மாட்டார்கள். ஆனால் இந்தப் போகத்து நடவு போய்விடும். வயலில் ஒரு போகம் வேறு ஆள் நட்டுவிட்டால் பிறகு அவனைக் கிளப்புவது எவ்வளவு கஷ்டம் என்று தஞ்சாவூர் ஜில்லாவில் யாருக்கும் சொல்லித் தர வேண்டாம். இன்னொரு வழி, ஒட்டிய பட்டியல் தவறானது என்று உடனே எழுதிக் கொடுப்பது. எழுதிக் கொடுக்க வேண்டியவன் நான்.

“நான் மறைக்கச் சொல்லலை. ஆனா ஒண்ணு யோசிச்சுக்குங்க. மிராசுதார் வீட்டுப் பிள்ளை உக்காந்து குத்தகைக்காரங்க பேர எடுத்துட்டான்னுதான் வெளியில பேசுவாங்க. நீங்க தெரியாமத்தான் செஞ்சீங்கன்னு நான் நம்பறேன். வேற ஒருத்தனும் நம்ப மாட்டான்” என்றார் தலைவர்.

உடனே எழுதிக் கொடுத்தேன் என்று சொல்ல எனக்கும் ஆசைதான். எழுதவில்லை. நாளைக்கு வாங்க என்று பாக்கியத்தை அனுப்பிவிட்டு, மாலை பஸ்ஸில் ஊருக்குப் போனேன். தஞ்சாவூரில் அக்கா வீட்டில் தங்குவதாகச் சொல்லிவிட்டு அவள் போனாள். அப்படி ஓர் அக்கா தஞ்சாவூரில் இல்லை என்பதும், பஸ் ஸ்டாண்டிலேயே இருந்துவிட்டாள் என்பதும் பிறகுதான் ஆபரேட்டர் சொல்லித் தெரிந்தது.

வீட்டில் அப்பா நல்ல சந்தோஷத்தில் இருந்தார். நீடாமங்கலம் பக்கத்து மிராசுதார்கள் சிலரைக் கல்யாண வீட்டில் பார்த்தாராம். உங்க பையன் புண்ணியத்துல இந்த வருஷம் நிம்மதியா இருக்கோம் என்று கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்களாம். ஆக, நான் வேண்டுமென்றே செய்ததாக ஏற்கெனவே ஒரு பக்கம் முடிவு செய்துவிட்டது. திட்டுவார்கள் என்று பயந்துகொண்டு வந்தவனுக்குப் பாராட்டுக் கிடைத்தது. அதைக் கேட்டபோதுதான் எனக்கு உண்மையில் அவமானமாக இருந்தது. அது தப்பாக வந்த லிஸ்ட் என்று அப்பாவிடம் சொன்னேன். அதற்கென்ன, மிஷின் செய்ததுதானே, நீயா செய்தாய் என்றார்.

“நான்தான்ப்பா செஞ்சேன்” என்றேன்.

அவர் என்னைப் பார்த்த பார்வையில், தெரிந்தே செய்துவிட்டு அடக்கமாகப் பேசுகிறான் என்ற பெருமை இருந்தது.

மறுநாள் முதல் பஸ்ஸில் அலுவலகத்துக்கு வந்து கடிதம் எழுத உட்கார்ந்தேன். தொழில்நுட்பக் கோளாறு காரணமாக என்று ஆரம்பித்தேன். அதைத் தட்டச்சு செய்ய வேண்டிய ஆபரேட்டர் தாளை வாங்கிப் படித்துவிட்டு மிஷினில் கை வைக்கவில்லை. கோளாறு என்று எழுதினால் என்ன கோளாறு என்று தாசில்தார் கேட்பார், அதற்குப் பதில் எழுத ஒரு வாரம், அதற்குள் நாற்று போய்விடும் என்றார். மிராசுதார் பக்கத்து வக்கீலும் அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு தொங்குவார். வயலில் நிற்கிறவருக்கும் வக்கீலுக்கும் புரிகிற மாதிரி எழுதிவிடுங்கள் என்றார். அவர் சொன்னது சரி. கிழித்துப் போட்டுவிட்டு மறுபடி எழுதினேன். ஒரே வயலில் ஒருவர் மீது வழக்கு இருந்தால், அவருக்குப் பின்னால் பதிவாகியுள்ள எல்லாரையும் விட்டுவிடும்படி நான் ப்ரோகிராமைத் தவறாக எழுதிவிட்டேன். ஆகையால் பட்டியலில் பெயர் இல்லை என்பதை வைத்து ஒருவர் குத்தகைதாரர் இல்லை என்று முடிவு செய்யக்கூடாது. கீழே என் பெயர், கையெழுத்து.

நீங்களும் ஒரு நாள் இப்படி எழுத வேண்டி வரும். அப்போது கோளாறு, குறைபாடு, எதிர்பாராத நிலை என்றெல்லாம் எழுதித் தப்பிக்கப் பார்க்காதீர்கள். உங்கள் தவறால் அடிபட்டவர் அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு எதிராளி முன் நிற்க முடிய வேண்டும். அந்த அளவுக்கு உங்களைக் காட்டிக்கொடுக்காத கடிதம் அவருக்கு உதவாது.

தலைவர் படித்தார். தாமும் கீழே ஒரு கையெழுத்துப் போட்டார். அவருக்கும் கெட்ட பெயர் வரும், அது அவருக்குத் தெரியும். ஜில்லாவின் எல்லாத் தாசில்தார்களுக்கும் அனுப்பிய கடிதத்தின் நகலில் முத்திரை குத்தி, பாக்கியத்தின் கையிலேயே கொடுக்கச் சொன்னார். அவளுக்குப் படிக்கத் தெரியாது. முழுவதும் படித்துக் காட்டினேன். நான் தவறாக எழுதிவிட்டேன் என்ற இடத்தில் என் குரல் இறங்கிவிட்டது. அவள் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

“இதுல எம்பேரு எங்க சார் இருக்கு?” என்று கேட்டாள்.

எங்குமே இல்லை. எவ்வளவு யோசித்து எழுதிய கடிதம், மறுபடியும் அவளை விட்டுவிட்டிருந்தேன். பேனாவை எடுத்து அடியில் ஊர்ப் பெயர், சர்வே நம்பர், பாக்கியம் என்று எழுதினேன். தலைவர் அதன் பக்கத்தில் சுருக்கொப்பம் போட்டார்.

கடிதத்தை மடித்து வைத்துக்கொண்டே எனக்கு எந்த ஊர் என்று கேட்டாள். ஊரையும் அப்பா பெயரையும் சொன்னேன். அவள் முகம் மாறியது. அவளுடைய பெரியம்மா மகளை, அக்கா முறை, எங்கள் ஊரில்தான் கட்டிக் கொடுத்திருக்கிறதாம். சாமிக்கண்ணுவின் தம்பி பெண்டாட்டி. தம்பி பாம்பு கடித்து இறந்துவிட்டார். எங்கள் வாய்க்காலோரத்து வயலில் பாதியை அவள்தான் செய்கிறாள்.

“அக்கா பேரும் லிஸ்ட்ல இல்லன்னு சொன்னிச்சு. அதுவும் கம்ப்யூட்டரால வந்ததா சார்?”

அவள் குத்திக் காட்டவில்லை. தன் பெயருக்கு ஒரு கடிதம் கிடைத்தது போல அக்காவுக்கும் ஒன்று கிடைக்குமா என்று கேட்டாள், அவ்வளவுதான். ஆபரேட்டர் என்னைப் பார்க்காமல் தட்டச்சு மிஷினையே பார்த்துக்கொண்டிருந்தார். கம்ப்யூட்டர் இல்லம்மா, எங்க வீட்டுலயே பேரு குடுக்கல என்று என்னால் சொல்ல முடியவில்லை. பாக்கறேன்ம்மா என்றேன்.

பாக்கியம் நான்காம் நாள் நட்டுவிட்டாள். தாசில்தார் கடிதத்தைப் பார்த்ததும் ஸ்டேஷனுக்குப் போன் செய்து சொல்லிவிட்டார், நிறுத்தியிருந்த ஆட்கள் போய்விட்டார்கள், நாற்றும் கணு விடவில்லை. அந்த ஊர்க் கிராம நிர்வாக அலுவலர் அலுவலகத்துக்கு வந்தபோது சொன்னார். ஆபரேட்டர் அன்று எல்லாருக்கும் டீ வாங்கி வரச் சொன்னார். பேப்பரில் என் பெயர் வரவில்லை, ஆனால் இரண்டு பக்கமும் என்னைப் பேசினார்கள். ஒரு பக்கம் நான் செய்ததற்கு, இன்னொரு பக்கம் நான் திருத்தியதற்கு. ஊரில் அப்பாவின் நண்பர்கள் என்னைக் கண்டால் துண்டை உதறிக்கொண்டு எழுந்து போனார்கள்.

ப்ரோகிராமை இரண்டு நாளில் திருத்தினேன். இன்னொரு ‘கோ டூ’ போட்டு ஒட்டுப் போட்டிருந்தால் பத்து நிமிஷத்தில் முடிந்திருக்கும். தலைவரும் அதைத்தான் எதிர்பார்த்தார். எனக்கு மனசு வரவில்லை. முழுவதையும் லூப்பாக மாற்றி எழுதினேன்: ஒவ்வொரு ஊருக்கும், ஊரில் உள்ள ஒவ்வொரு வயலுக்கும், வயலில் உள்ள ஒவ்வொருவருக்கும். ஆபரேட்டரைப் பக்கத்தில் உட்கார வைத்து, எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று அவருக்கு வாயால் சொல்லிக் காட்டினேன். அவர் தலையாட்டிய பிறகுதான் ஓட்டினேன். சங்கம் இருந்த ஊர், இல்லாத ஊர், தகராறு பிடித்த ஊர் என்று பொறுக்கியெடுத்துச் சோதித்தேன். அதற்குப் பிறகு எனக்குப் பழக்கமான ஊரை வைத்து எதையும் சோதித்ததில்லை. ஒரே ஒரு ‘கோ டூ’வை மட்டும் விட்டுவைத்தேன். டிஸ்க்கைப் படிக்க முடியாவிட்டால் எல்லாவற்றையும் போட்டுவிட்டு நின்றுவிடு என்பது அது. யாரையும் தாண்டிப் போகாத தாவல், அதனால் வைத்திருந்தேன். உங்கள் புது ஆள் எழுதியதும் அந்த வகைதான் என்று எனக்குத் தோன்றுகிறது, ஆனால் அவர்தான் தாள் எடுத்துக் கோடு இழுத்துப் பார்த்துச் சொல்ல வேண்டும். அவரைத் திட்டியவரும் ஒன்று செய்யலாம். தம் அழகான லூப்புகளுக்குள் யார் வரவேயில்லை என்று ஒருமுறை பார்க்கலாம். லூப் உள்ளே இருப்பவர்களைத்தான் ஒவ்வொருவராக எடுத்துக்கொள்ளும். பதிவிலேயே இல்லாதவரை எந்த லூப்பும் தேடிப் போகாது.

சாமிக்கண்ணுவின் தம்பி மனைவிக்காகப் பதிவுப் படிவம் ஒன்று வாங்கி வந்தேன். நில உரிமையாளர் கையெழுத்து என்ற இடத்தில் அப்பா கையெழுத்துப் போட வேண்டும். மறுத்தால் தாசில்தாரிடம் விசாரணைக்குப் போகலாம், அதற்கு நான் சாட்சி சொல்லலாம். எனக்கு இது எல்லாம் தெரியும், விதிகள் அத்தனையும் ப்ரோகிராமாக எழுதியவன் நான். ஆனால் ஏற்கெனவே வீட்டில் பேச்சு வார்த்தை குறைந்துவிட்டது. அம்மா இரண்டு பேருக்கும் நடுவில் அல்லாடிக்கொண்டிருந்தாள். கொஞ்சம் ஆறட்டும், அடுத்த மாதம் பேசலாம் என்று வைத்தேன். அதற்கடுத்த மாதம் என்று வைத்தேன். படிவம் மேஜை டிராயரிலேயே இருந்தது. ஊர் பேர் தெரியாத ஜில்லா முழுவதற்கும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவனுக்கு, சொந்த வீட்டுக் கூடத்தில் நின்று ஒரு வார்த்தை கேட்க ஒரு வருடம் போதவில்லை.

அந்த ஒரு வருடமும் கழிந்து, தை மாதம் ஊருக்குப் போனபோது வாய்க்காலோரத்து வயலில் எனக்குத் தெரியாத ஆட்கள் அறுத்துக்கொண்டிருந்தார்கள். சாமிக்கண்ணுக்கு வயதாகிவிட்டது, குத்தகையை விட்டுக்கொடுப்பதாக எழுதிக் கொடுத்துவிட்டு மகனோடு போய்விட்டார் என்று அப்பா சொன்னார். எல்லாம் சட்டப்படி, தாசில்தார் முன்னிலையில் நடந்ததாம். அப்படியானால் அவர் தம்பி பெண்டாட்டி என்ன ஆனாள், பாதி வயல் அவள் செய்ததுதானே என்று கேட்டேன். அந்த வீட்டில் அந்தக் கேள்வியை நான் கேட்டது அன்றுதான் முதல் தடவை.

அப்பா பேப்பரை மடித்து வைத்தார். கோபப்படவில்லை. புரியாத பிள்ளைக்குச் சொல்வது போல நிதானமாகச் சொன்னார்.

“நீதானே எல்லாப் பதிவையும் பாத்தவன். அவ பேரு எதுலடா இருந்துது?”